நனைந்த பிறகும் உதவும் உடை

ஜொகூர் பாருவின் பேரங்காடிகளில் மலையேற்றச் சாமான் விற்கும் கடைக்குள் நுழைந்தால், மழைச்சட்டைகளின் கழுத்தில் தொங்கும் அட்டையில் பெரும்பாலும் இரண்டு எண்கள் இருக்கும். 10,000 / 10,000 என்றோ 20,000 / 15,000 என்றோ போட்டிருப்பார்கள். முதல் எண் நீரைத் தாங்கும் திறன். துணியின் மேல் ஒரு குழாயை நிறுத்தி நீர் ஊற்றிக்கொண்டே போனால், 10,000 மில்லிமீட்டர், அதாவது 10 மீட்டர் உயரத்துக்கு நீர் நின்றாலும் துணி கசியாது என்று பொருள். இரண்டாவது எண், ஒரு சதுர மீட்டர் துணி வழியே 24 மணி நேரத்தில் எத்தனை கிராம் நீராவி வெளியேறும் என்பது. முதல் எண்ணை அப்படியே நம்பலாம். இரண்டாவது எண்ணைப் பார்த்ததும், எந்த ஊர்க் காற்றில் அளந்தீர்கள் என்று கேட்கத் தோன்ற வேண்டும்.

இந்தச் சட்டைகளுக்குள் இருப்பது ஒரு மெல்லிய சவ்வு. 1969இல் ராபர்ட் கோர் என்ற அமெரிக்கர், டெஃப்லான் என்ற பெயரில் நம் சமையலறைக்கு வந்துவிட்ட பிளாஸ்டிக்கின் தண்டுகளைச் சூடாக்கி மெல்ல இழுத்து நீட்டப் பார்த்தார். ஒவ்வொன்றும் அறுந்தது. அலுத்துப்போய் ஒன்றை வெடுக்கென்று இழுத்தார். அது அறுபடாமல் பல மடங்கு நீண்டு, உள்ளெல்லாம் நுண்துளைகள் கொண்ட பொருளாக மாறியது. 1976இல் அது கோர்-டெக்ஸ் என்று கடைக்கு வந்தது. அந்தத் துளைகள் மழைத்துளி நுழைய முடியாத அளவுக்குச் சிறியவை. நீராவி மூலக்கூறு தாராளமாகப் போகும் அளவுக்குப் பெரியவை. மழை உள்ளே வராது, வியர்வை ஆவியாகி வெளியே போகும்.

ஆனால் ஆவி தானாகப் போய்விடாது. உள்ளே நீராவி அழுத்தம் கூடுதலாகவும் வெளியே குறைவாகவும் இருந்தால்தான் நகரும். அந்த வேறுபாடுதான் சவ்வின் எஞ்சின். வேர்த்த தோலுக்கு அருகே 35 டிகிரியில் காற்று நீராவியால் நிறைந்திருக்கிறது என்று கொள்வோம். அங்கே நீராவி அழுத்தம் 5.6 கிலோபாஸ்கல். பனிச்சறுக்கு நடக்கும் மலைச்சரிவில் வெப்பநிலை பூஜ்யத்துக்கும் கீழே 5 டிகிரி என்றால், அந்தக் காற்று எவ்வளவு நிறைந்திருந்தாலும் 0.4 கிலோபாஸ்கலைத் தாண்டாது. வேறுபாடு 5.2. இனி ஜொகூரின் லேடாங் மலை அடிவாரத்துக்கு வருவோம். 28 டிகிரி, ஈரப்பதம் 90 விழுக்காடு. வெளிக்காற்றின் நீராவி அழுத்தமே 3.4 கிலோபாஸ்கல். எஞ்சியிருக்கும் வேறுபாடு 2.2 மட்டும். அதே சட்டை, அதே அட்டை, எஞ்சினில் பாதி வலு கூட இல்லை. போதாததற்கு, மழை கொட்டும்போது மேல்துணி ஊறி நீர்ப்படலம் மூடிக்கொண்டால் துளைகளின் வாய் அடைபடுகிறது. அப்புறம் அந்தச் சட்டை 800 ரிங்கிட் விலையுள்ள பிளாஸ்டிக் பைதான். மழையில் நனையாமல் வியர்வையில் நனைவோம்.

உலகச் சந்தையில் விற்கும் வெளிப்புற உடைகளின் இலக்கணம் குளிர்நாட்டில் எழுதப்பட்டது. தோலை ஒட்டி வியர்வையை உறிஞ்சும் ஓர் அடுக்கு, அதன் மேல் சூட்டைப் பிடித்து வைக்கும் கம்பளி அல்லது இறகு அடுக்கு, எல்லாவற்றுக்கும் மேல் காற்றையும் பனியையும் தடுக்கும் ஓடு. 2018ஆம் ஆண்டு பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கில் மலேசியாவுக்காக முதன்முதலில் பனிச்சறுக்கில் இறங்கிய ஜெஃப்ரி வெப்புக்கு இந்த மூன்று அடுக்கும் உயிர்க்காப்பு. விடுமுறைக்கு ஜப்பானுக்கோ கொரியாவுக்கோ போய்ப் பனியில் விழுந்து எழ விரும்பும் ஜொகூர்க்காரருக்கும் இதே அடுக்குதான். அங்கே அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த உடையின் வேலை, உடலின் சூடு வீணாகாமல் காப்பது. நம் காட்டில் உடையின் வேலை நேர் எதிர்: சூட்டை எப்படியாவது தொலைக்க வேண்டும்.

எவ்வளவு சூடு? உடல் செலவழிக்கும் ஆற்றலில் கால்வாசி கூட நடையாக மாறுவதில்லை, மீதியெல்லாம் வெப்பம். செங்குத்தான பாதையில் ஏறும் ஒருவர் ஏறக்குறைய 500 வாட் வெப்பத்தை வெளியேற்ற வேண்டியிருக்கும். ஒரு மணி நேரத்துக்கு 1,800 கிலோஜூல். ஒரு லிட்டர் வியர்வை தோலின் மேல் முழுவதும் ஆவியானால் 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். கணக்குப்படி மணிக்கு முக்கால் லிட்டர் வியர்வை போதும். ஆனால் ‘ஆவியானால்’ என்ற நிபந்தனையில்தான் ஜொகூர் நம்மை மடக்குகிறது. நெற்றியிலிருந்து சொட்டி மண்ணில் விழும் வியர்வை எதையும் குளிர்விப்பதில்லை. அது வெறும் இழப்பு. காற்றில் இடமில்லாததால் பாதி வியர்வை இப்படிச் சொட்டிப் போகிறது என்றால், அதே குளிர்ச்சிக்கு உடல் ஒன்றரை லிட்டர் சுரக்க வேண்டும். லேடாங் ஏறி இறங்க ஒரு முழுப் பகல் ஆகும். முதுகுப்பையில் எடுத்துச் செல்ல வேண்டிய முதல் சாமான் தண்ணீர் என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடும். கூடவே கொஞ்சம் உப்பும்.

இந்தத் தண்ணீர்ப் பாடத்தை அந்த மலையிலேயே படித்தவர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ். டார்வினோடு சேர்த்துச் சொல்லப்படும் அதே வாலஸ்தான். 1854இல் மலாக்காவிலிருந்து கிளம்பி, அன்று ஐரோப்பியர் ஓஃபிர் என்று அழைத்த இந்த லேடாங்கில் ஏறினார். பாடாங் பத்து என்ற வெறும் பாறைச் சரிவில் தண்ணீர் கிடைக்கும் என்று சொல்லியிருந்தார்கள், கிடைக்கவில்லை. கடைசியில் அங்கே வளர்ந்திருந்த குடுவைச் செடிகளில் தேங்கிய நீரைக் குடித்திருக்கிறார்கள். அதில் பூச்சிகள் மிதந்தன, கொஞ்சம் வெதுவெதுப்பாகவும் இருந்தது, ஆனாலும் தாகம் தீர்ந்தது என்று 1869இல் வெளிவந்த தன் மலாய்த் தீவுக்கூட்டப் பயண நூலில் எழுதினார். போகும் வழியெல்லாம் சேறு. சேற்றைவிட மோசம் இரத்தம் உறிஞ்சும் அட்டைகள். மாலையில் குளிக்கும்போது ஆளுக்கு அரை டஜன், ஒரு டஜன் என்று உடம்பில் ஒட்டியிருந்தன. ஒன்று அவருடைய கழுத்திலேயே வயிறு நிறையக் குடித்திருந்தது.

அட்டையைப் பற்றி ஒரு பத்தி எழுதாமல் நம் காட்டு உடையைப் பேச முடியாது. மண்ணின் அதிர்வு, மூச்சின் கரியமிலவாயு, உடற்சூடு ஆகியவற்றை வைத்து அது ஆளைக் கண்டுபிடிக்கிறது. பசித்த அட்டை நூல்போல மெலிந்திருப்பதால் சாதாரணக் காலுறையின் பின்னல் இடைவெளியே அதற்குக் கதவு. முழங்கால் வரை வரும், நெருக்கமாக நெய்த துணியால் தைத்த அட்டைக் காலுறை அந்தக் கதவை அடைத்துவிடுகிறது. வெளிர்நிறமாக இருந்தால் ஏறுவதும் தெரியும். புகையிலைத் தண்ணீர், சோப்பு, உப்பு, சுண்ணாம்பு என்று தோட்டங்களில் பல கைவைத்தியங்கள் உண்டு. எல்லாமே கொஞ்ச நேரம் வேலை செய்யும், ஓர் ஓடையைக் கடந்ததும் கழுவிக்கொண்டு போய்விடும். கடித்த இடத்தில் அது செலுத்தும் இரத்த உறைவுத் தடுப்பால் இரத்தம் நெடுநேரம் கசியும். பார்க்கப் பயங்கரம், ஆபத்து குறைவு. உண்மையில் அஞ்ச வேண்டியது கொசு. மலேசியாவில் மனிதரிடையே பரவும் மலேரியா 2018 முதல் உள்ளூரில் பதிவாகவில்லை. ஆனால் குரங்குகளிடமிருந்து வரும் நோலெசி வகை மலேரியா காட்டோரங்களில் தொடர்கிறது. காட்டில் மனிதருக்கு அது இயற்கையாகத் தொற்றியதாக முதன்முதலில் 1965இல் உறுதிசெய்யப்பட்டதும் பக்கத்துப் பகாங் மாநிலத்தில்தான். ஆகவே நீளக்கை, நீளக்கால். கொசுவிரட்டி பூசுவதானால் இன்னொரு எச்சரிக்கை: டீட் கலந்த விரட்டி தோலுக்கு ஒன்றும் செய்யாவிட்டாலும் பிளாஸ்டிக்கைக் கரைக்கும், ஸ்பான்டெக்ஸ் இழையைக் கெடுக்கும். கைக்கடிகாரக் கண்ணாடி மங்கி, இறுக்கமான ஓட்டக் கால்சட்டை தொளதொளவென்று ஆன பிறகு துணிக் கம்பெனியைத் திட்டிப் பயனில்லை.

துணி என்றதும் பருத்தியா, பாலியெஸ்டரா என்ற பழைய சண்டை வரும். பருத்தி உடுத்தினால் சாவு என்று குளிர்நாட்டு மலையேறிகள் மிரட்டுவார்கள். நம் வீட்டுப் பெரியவர்களோ வெயிலுக்குப் பருத்திதான் என்பார்கள். இருவரும் தத்தம் ஊரில் சரி. காய்ந்த வெக்கையில், மதுரையில் என்று வைத்துக்கொள்வோம், பருத்தி தன்னுள் இழுத்த வியர்வை கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி உடம்பைக் குளிர வைக்கும். ஜொகூர்க் காட்டில் அது இழுத்ததை விடுவதற்கு வழியில்லை. சாதாரணக் காற்றிலேயே பருத்தி இழை தன் எடையில் 8 விழுக்காட்டுக்கு மேல் ஈரத்தை வைத்திருக்கும். பாலியெஸ்டர் அரை விழுக்காட்டுக்கும் குறைவு. நனைந்த பருத்திச் சட்டை கனத்து, தோலோடு ஒட்டி, அக்குளிலும் தொடையிடுக்கிலும் உரசிப் புண்ணாக்கும். பாலியெஸ்டரில் நீர் இழைக்குள் போவதில்லை, இழைகளுக்கு இடையே பரவுகிறது. பிழிந்து உதறினால் பெரும்பகுதி போய்விடும். அதன் குறை, நாற்றம். வியர்வையின் கொழுப்பும் அதைத் தின்னும் நுண்ணுயிர்களும் அந்த இழையில் பிடித்துக்கொள்கின்றன. என் தீர்ப்பு: காட்டுக்கு மெல்லிய, தொளதொளப்பான பாலியெஸ்டர், திரும்பி வந்து தேநீர்க் கடையில் உட்காரப் பருத்தி.

மழைச்சட்டை வேண்டாம், பருத்தி வேண்டாம் என்றால் நனையாமல் இருக்க என்னதான் வழி? வழி இல்லை. இதை மிகத் தெளிவாக ஒப்புக்கொண்டவர்கள் இராணுவத்தார். 1948இல் மலாயாவில் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை எதிர்த்து அவசரகாலம் தொடங்கியபோது பிரிட்டிஷ் படைக்குக் காட்டுப் பயிற்சி தர வால்டர் வாக்கர் என்ற அதிகாரி ஜொகூரில் ஒரு பள்ளியை அமைத்தார். கோத்தா திங்கிக்குப் போகும் சாலையில் உலு திராம் பக்கம் இன்று மலேசியத் தரைப்படையின் புலாடா மையம் அந்த மரபைத் தொடர்கிறது. காட்டுப் படைவீரன் படிக்கும் ஒழுங்கு இது: பகலுக்கு ஒரு ஈர உடை, இரவுக்கு ஒரு காய்ந்த உடை. மாலையில் முகாம் போட்டதும் ஈரத்தைக் கழற்றிவிட்டு, நீர்புகாப் பையில் கட்டி வைத்த காய்ந்த உடைக்கு மாற வேண்டும். காலையில் எழுந்ததும் காய்ந்ததைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு, சில்லென்று நாறும் அதே ஈர உடைக்குள் திரும்பவும் நுழைய வேண்டும். அந்த ஒரு நிமிடம் யாருக்கும் பிடிக்காது. காய்ந்ததை அப்படியே போட்டுக்கொண்டு நடந்துவிடலாமே என்று மனம் கெஞ்சும். நடந்தால் அடுத்த இரவுக்கு இரண்டு ஈர உடைகள் இருக்கும், அவ்வளவுதான்.

லேடாங்கில் ஒரு நாள் ஏறி இறங்குபவருக்கும் இதில் பாதி பொருந்தும். உச்சி 1,276 மீட்டர். நூறு மீட்டருக்குச் சுமார் 0.65 டிகிரி வீதம் குறைவதால் கடல்மட்டத்தைவிட அங்கே ஏறக்குறைய 8 டிகிரி குளிர்ச்சி. பெரிதாகத் தெரியாது. ஆனால் மேலே மரங்கள் குட்டையாகிக் காற்று நேராக வீசும். நீரோ காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். முழுக்க நனைந்து, நடை நின்று, தோழர்களுக்காகக் காத்து உட்கார்ந்திருப்பவர் பற்கள் தந்தியடிக்கக் காண்பது இந்த நிலநடுக்கோட்டு மாநிலத்தில் அபூர்வமல்ல. விலையுயர்ந்த சவ்வுச் சட்டைக்கு ஜொகூரில் எங்காவது நியாயம் உண்டென்றால் அது இங்கே, நிற்கும்போது. நடக்கும்போது அல்ல. அதே வேலையைப் பிளாஸ்டிக் பையில் சுருட்டி வைத்த ஒரு காய்ந்த சட்டையும் மெல்லிய மழைக்கோட்டும் செய்துவிடும்.

இனி கால். உடையில் செய்யும் தவறு எரிச்சலோடு போகும், காலில் செய்யும் தவறு தூக்கிக்கொண்டு வர வைக்கும். காலில் சுமக்கும் ஒரு கிலோ, முதுகில் சுமக்கும் ஏறக்குறைய 5 கிலோவுக்குச் சமமான ஆற்றலைத் தின்னும். அடிக்கு அடி அதைத் தூக்கி, முன்னே வீசி, நிறுத்த வேண்டியிருப்பதால். நீர்புகாத் தோல் பூட்ஸ் முதல் ஓடையில் கணுக்காலுக்கு மேலே தண்ணீர் வந்ததும் நீர் வெளியேறாத பூட்ஸ் ஆகிவிடும். இதை உணர்ந்துதான் வியட்நாம் போர்க்கால அமெரிக்கக் காட்டு பூட்ஸின் உட்பக்கத்தில் இரண்டு வடிகால் துளைகள் வைத்தார்கள். தண்ணீர் வரட்டும், வந்த வேகத்தில் போகட்டும்.

ஜொகூர்ப் பாதைகளில் இன்னொரு விடை நடமாடுகிறது. கறுப்பு ரப்பரில் ஒரே வார்ப்பாக வார்த்த சப்பாத்து. அடியில் காற்பந்துச் சப்பாத்து போலக் குமிழ்கள். எந்த ஜெர்மன் கம்பெனிக்கும் சம்பந்தமில்லாமல் ‘அடிடாஸ் கம்போங்’ என்று நாடே கேலியும் பாசமுமாக அழைக்கும் அது, சாமான் கடைகளில் ஓட்டப்பந்தயச் சப்பாத்தின் விலையில் மிகச் சிறு பங்குக்குக் கிடைக்கும். தங்காக், சிகாமட், லாபிஸ், குளுவாங், கூலாய் என்று தோட்டங்கள் இருந்த ஊர்களில் வளர்ந்த தமிழர்களுக்கு அதை அறிமுகப்படுத்தவே வேண்டாம். பால்மரம் வெட்டியவர்களின் வேலைச் சப்பாத்து அது. விடிவதற்கு முன் மரத்தின் உள்ளழுத்தம் கூடுதலாக இருக்கும்போது வெட்டினால்தான் பால் நன்றாக இறங்கும். ஆகவே இருட்டில், பனி படிந்த புல்லில், சேறும் சரிவுமான நிரைகளில் மரத்துக்கு மரம் நடை. பொழுதெல்லாம் ஈரம். காடு சுற்றும் பொழுதுபோக்கு நமக்கு வருவதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்பே, ஈரத்தில் நடப்பதற்கான காலணியைத் தேர்ந்தெடுத்துச் சோதித்து முடித்தவர்கள் அவர்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகும் சப்பாத்து மாறவில்லை. கினபாலு மலையில் சுமை தூக்குபவர்கள் காலிலும் அதைப் பார்க்கலாம்.

அது ஏன் வழுக்குவதில்லை? ரப்பரின் பிடிக்கு இரண்டு காரணங்கள். ஒன்று, மென்மையான ரப்பர் பாறையின் நுண்மேடுபள்ளங்களுக்குள் அழுந்திப் பொருந்துகிறது. இரண்டு, அப்படி அழுந்தி மீளும்போது கொஞ்சம் ஆற்றலை விழுங்கிக்கொள்கிறது. அந்த இழப்பே நம்மை நிறுத்தும் உராய்வு. கடினமான, எளிதில் தேயாத அடிப்பாகம் நீண்ட நாள் வரும், ஆனால் ஈரப் பாறையில் கைவிடும். சேற்றில் கதை வேறு; அங்கே உராய்வல்ல, குத்தி நிற்பதுதான் காரியம். 1935இல் இத்தாலிய ஆல்ப்ஸில் தோழர்கள் ஆறு பேரைப் பறிகொடுத்த பின் வித்தாலே பிரமானி 1937இல் கொண்டுவந்த பல்வைத்த ரப்பர் அடிப்பாகம், வைப்ரம், இந்த இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்யப் பார்த்தது. நம் களிமண்ணுக்குப் பற்கள் ஆழமாக இருந்தால் மட்டும் போதாது, இடைவெளி விட்டும் இருக்க வேண்டும். நெருக்கமான பற்களுக்கு இடையே மண் அப்பிக்கொண்டால் பல் இருந்தும் இல்லாததே. பாசி பிடித்த பாறையிலும் தோல் உரிந்த ஈர வேரிலும் எந்த ரப்பரும் தோற்கும். வேரைத் தாண்டி வைக்க வேண்டியதுதான், அதன் மேல் அல்ல.

ரப்பர் சப்பாத்தைக் கோயில் கட்டிக் கும்பிட வேண்டியதில்லை. உள்ளே பஞ்சு கிடையாது. லேடாங்கில் ‘கேஎஃப்சி’ என்று பட்டப்பெயர் வாங்கிய பாறைப் பகுதியைக் கயிற்றையும் ஏணியையும் பிடித்து ஏறி இறங்கிய பிறகு பாதம் ஒவ்வொரு கல்லையும் ஞாபகம் வைத்திருக்கும். தட்டைப்பாதம் உள்ளவர், முழங்கால் வலி உள்ளவர், தேவைக்கு மேல் எடை உள்ளவர் இதை நம்பி நீண்ட பாதைக்குப் போகக் கூடாது. துளை இல்லாததால் உள்ளே போன தண்ணீர் உள்ளேயே சலசலக்கும். ஊறிய தோலில் உராய்வு கூடும், கொப்புளம் எளிதில் வரும்; அதனால்தான் அனுபவப்பட்டவர்கள் அதற்குள் தடித்த காற்பந்துக் காலுறை போடுகிறார்கள். பஞ்சு வேண்டுமென்பவர்களுக்கு வலைத்துணி மேல்பாகமும் பற்கள் விலகிய அடிப்பாகமும் கொண்ட பாதையோட்டச் சப்பாத்து நல்லது. நீர்புகா உள்ளுறை இல்லாததாகப் பார்த்து வாங்க வேண்டும். கடைக்காரர் அதிக விலையுள்ள நீர்புகா வகையைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார்.

விலை கூடிய பூட்ஸுக்கு இந்த மண்ணில் இன்னொரு எதிரி உண்டு, அது காட்டில் அல்ல, வீட்டு அலமாரியில் இருக்கிறது. இரண்டு மூன்று ஆண்டுகள் பெட்டியில் பத்திரமாக வைத்த பூட்ஸை எடுத்து மாட்டிக்கொண்டு மலையேறினால், பாதி வழியில் அடிப்பாகம் கேக்போல உதிர்ந்து கழன்றுவிடும். போலிச் சரக்கு என்று பலர் சண்டைக்குப் போகிறார்கள். பெரும்பாலும் அது போலி அல்ல, வேதியியல். பல பூட்ஸுகளின் நடு அடுக்கு பாலியூரித்தேன் நுரை. அதன் சங்கிலியில் எஸ்டர் பிணைப்புகள் இருந்தால், காற்றின் நீராவி மெல்ல அவற்றைத் துண்டிக்கும். நீராற்பகுப்பு என்று பள்ளியில் படித்ததுதான். வெப்பமும் ஈரமும் கூடக்கூட வேகம் கூடும். ஜொகூர் வீட்டின் மூடிய அலமாரி இதற்கு ஏற்ற உலை. பயன்படுத்தாமல் வைப்பது காப்பாற்றாது. அடிக்கடி அணிந்து நடக்கும்போது நுரை அழுந்தி விரிந்து உள்ளே தங்கிய ஈரம் வெளியேறுகிறது என்பதால், உழைக்கும் பூட்ஸே நீடித்து இருப்பதாகவும் சொல்வார்கள். பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே எடுத்து, நடுப்பகுதியை வளைத்துப் பார்த்து, நகத்தால் அழுத்திப் பார்க்க வேண்டும். பள்ளம் மீளாமல் நின்றாலோ பொடி உதிர்ந்தாலோ அதை நம்பக் கூடாது. ஈவிஏ என்ற வேறுவகை நுரையில் இந்தச் சிக்கல் இல்லை, ஆனால் அதன் பசை விடலாம். பைக்குள் ஒரு சுருள் ஒட்டுநாடாவும் இரண்டு முழம் கயிறும் இருந்தால் வாய் பிளந்த சப்பாத்தைக் கட்டிக்கொண்டு லேடாங் அடிவாரத்தின் சாகில் அருவி வரை இறங்கிவிடலாம்.

ரப்பர் சப்பாத்தில் தையலும் இல்லை, பசையும் இல்லை, எஸ்டர் பிணைப்பும் இல்லை. 1839இல் சார்ல்ஸ் குட்இயர் கண்டறிந்த விதத்தில் கந்தகம் அதன் மூலக்கூறுச் சங்கிலிகளைக் குறுக்கே கட்டியிருக்கிறது. நீர் அதை ஒன்றும் செய்யாது. அதற்குப் பகை வெயிலும் ஓசோனும். இழுபட்டு நிற்கும் இடத்தில் ஓசோன் சங்கிலியின் இரட்டைப் பிணைப்புகளை வெட்டி வெடிப்பு விழச் செய்கிறது. விரல் மடங்கும் இடத்தில் முதலில் கீறல் தெரிவது அதனால்தான். ஆகவே குழாயடியில் சேற்றைக் கழுவி, உள்ளே செய்தித்தாளைத் திணித்து, வேலிக்கம்பியில் வெயிலில் கவிழ்க்காமல் வீட்டுத் தாழ்வார நிழலில் சாய்த்து வைப்பது நல்லது. காகிதத்தை ஒரு தடவையாவது மாற்ற வேண்டியிருக்கும்.